டெக்சஸா, அரிசோனாவா? மனநல நர்ஸ் பிராக்டிஷனர் இடம் மாறும்போது

அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனராக (மேற்படிப்பு முடித்து, மனநோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸாக) இருப்பவர்கள் மாநிலம் மாற நினைத்தால், பேச்சு சம்பளத்திலும் வீட்டு விலையிலும்தான் ஆரம்பிக்கும். அந்த ஊரில் உங்கள் கையெழுத்து எதுவரை செல்லும் என்று முதலில் பாருங்கள். ஏ.என்.சி.சி. என்ற நர்ஸிங் சான்றளிப்பு அமைப்பு தரும் சான்றிதழ் நாடு முழுக்க ஒன்றுதான், ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

டெக்சஸில் மருந்து எழுத வேண்டுமென்றால் ஒரு டாக்டரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். 2013-இல் வந்த சட்டப்படி ஒரு டாக்டர் பொதுவாக ஏழு முழுநேரப் பணியிடங்கள் வரைதான் இப்படிப் பொறுப்பேற்கலாம். ஆஸ்பத்திரியிலோ பெரிய கிளினிக்கிலோ சேர்ந்தால் இதை நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். தனியாகக் கிளினிக் போட்டால் டாக்டரை நீங்கள்தான் தேட வேண்டும், பெரும்பாலும் மாதாமாதம் அவருக்குப் பணமும் கட்ட வேண்டும். அவர் விலகினால், அடுத்தவர் கிடைக்கும்வரை மருந்துச் சீட்டு எழுத முடியாது.

உண்மையான நெருடல் ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு) நோயாளிகளிடம்தான். அதற்குத் தரும் அட்டரால், ரிட்டாலின் போன்றவை இரண்டாம் அட்டவணை மருந்துகள், அதாவது அடிமையாக்கும் ஆபத்து அதிகம் என்று அரசு கடுமையாகக் கட்டுப்படுத்துபவை. ஆஸ்பத்திரி உள்நோயாளி, எமர்ஜென்சி, ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) தவிர வேறெங்கும் டெக்சஸ் நர்ஸ் பிராக்டிஷனர் அவற்றை எழுத முடியாது. கவனம் சிதறுகிறது என்று வரும் கல்லூரி மாணவனை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசி, நோயை நீங்களே கண்டுபிடிக்கலாம். மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட மட்டும் டாக்டர் வேண்டும். பதற்றத்துக்குத் தரும் குளோனசெபாம், கட்டுப்பாடு குறைந்த நான்காம் அட்டவணை என்பதால் நீங்களே எழுதலாம், ரீஃபில் சேர்த்து 90 நாள் வரை.

அரிசோனாவில் இந்தத் தொல்லை இல்லை. டாக்டர் ஒப்பந்தமின்றி நோயாளியைப் பார்க்கலாம், இரண்டாம் அட்டவணை மருந்தையும் எழுதலாம், சொந்தக் கிளினிக்கும் திறக்கலாம்.

வரி? டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது, அரிசோனாவில் 2.5 சதவீதம். இதை வைத்து முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். டாக்டருக்கு மாதம் கட்டும் பணத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? இரண்டும் வேண்டுமென்றால் வாஷிங்டன் இருக்கிறது: சம்பளத்துக்கு மாநில வரியும் இல்லை, டாக்டர் ஒப்பந்தமும் தேவையில்லை. சியாட்டல் வீட்டு வாடகையைத் தாங்க முடியுமா என்பது உங்கள் பாடு.

ஃப்ளோரிடாவில் 2020-இலிருந்து சுதந்திரமாகத் தொழில் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சலுகை குடும்ப மருத்துவம் போன்ற முதல்நிலைச் சிகிச்சைக்கு, மனநலத்துக்கு அது பொருந்தாது.

என் கணிப்பு இது. படிப்பு முடித்த கையோடு போகிறவருக்கு டெக்சஸ் மோசமில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஒரு சைக்கியாட்ரிஸ்ட் பக்கத்தில் இருப்பார், டல்லாஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் நம்மவர்களும் நிறைய. நாலைந்து வருடம் கை பழகியவர், தன் பெயரில் பலகை மாட்ட நினைப்பவர் என்றால் யோசிக்காமல் அரிசோனா.

எங்கே போனாலும் காகித வேலை ஒரே மாதிரிதான். டெக்சஸ், அரிசோனா இரண்டுமே நர்ஸ் லைசென்ஸ் கூட்டு ஒப்பந்தத்தில் (ஒரு மாநில லைசென்ஸ் மற்ற உறுப்பு மாநிலங்களிலும் செல்லும் ஏற்பாடு) இருக்கின்றன, ஆனால் அது ஆர்.என். எனும் சாதாரண நர்ஸ் லைசென்ஸுக்கு மட்டும். குடிபெயர்ந்த 60 நாளுக்குள் புது ஊரில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸைத் தனியாக வாங்க வேண்டும். கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதத் தேவையான டி.இ.ஏ. (மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பு) பதிவும் மாநிலவாரியாகத்தான், புதிதாக எடுத்தால் மூன்று வருடத்துக்கு 888 டாலர். இன்சூரன்ஸ் கம்பெனிகள் உங்களைப் பட்டியலில் சேர்க்கச் சில மாதங்கள் இழுக்கும், அதுவரை கையிருப்பு வேண்டும்.

டெக்சஸை விட்டு வருகிறவர்கள் பழைய லைசென்ஸை உடனே கைவிட வேண்டாம். வீடியோவில் பார்த்தாலும் நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் சட்டம்தான் செல்லும். ஆஸ்டினில் இருக்கும் பழைய நோயாளிக்கு அரிசோனாவின் ஃபீனிக்ஸிலிருந்து மருந்து எழுதவும் அந்த டெக்சஸ் டாக்டரின் ஒப்பந்தம் வேண்டும்.