என்எஃப்எஸ்ஸோடு ஆறு வருடம்: திருவிழா நோட்டீஸில் வந்த பழைய தேதி

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அச்சகம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் என்று கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கட்சி போஸ்டர் எல்லாம் அடிக்கிறோம். ஐந்து கம்ப்யூட்டர், ஐந்திலும் உபுண்டு லினக்ஸ். கேரளப் பள்ளிகளில் ஐடி பாடமே லினக்ஸில்தான் என்பதால் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. எனக்குத்தான் கை பழக நாளானது. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் போட்டு சர்வராக்கி, அதிலிருக்கும் வேலை ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக எல்லாவற்றிலும் மவுன்ட் செய்து, அதாவது சொந்த ஃபோல்டர் போலத் தெரிய வைத்து, ஆறு வருடமாக ஓட்டுகிறேன். சர்வர் ஒருநாளும் படுத்ததில்லை. ஆனால் ஒருமுறை என் மானத்தை வாங்கியது. தப்பு என்னுடையதுதான்.

முதல் வருடம் டிசைன் ஃபோல்டர் திறக்க நேரமாகிறது என்று ஒரே புலம்பல். இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, என்எஃப்எஸ் வெர்ஷன் 3 மவுன்ட்டில், சர்வரை அடிக்கடி கேட்காமல் இருக்கச் செய்யும் ‘நோக்டோ’, ‘ஆக்டைமியோ=600’ என்று இரண்டு ஆப்ஷன்களைச் சேர்த்தேன். பறந்தது. பசங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

அப்புறம் ஒரு கோயில் நோட்டீஸ், 2000 பிரதி. தமிழ்ப் பக்கம் ஒரு ஃபைல், மலையாளப் பக்கம் ஒரு ஃபைல். காலையில் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பிரின்ட் கம்ப்யூட்டரில் திறந்து கமிட்டிக்காரருக்குப் புரூஃப் காட்டினேன். கொடியேற்றத் தேதியை மாற்றச் சொன்னார். அடுத்த அறையில் தம்பி இரண்டு பக்கத்தையும் திருத்தி, அதே பெயரில் சேவ் செய்துவிட்டு, “ஆச்சுங்கண்ணா” என்றான். உடனே அடித்துவிட்டேன். மறுநாள் கமிட்டிக்காரர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, தமிழாளுகளுக்கு ஒரு நாள், மலையாளத்தாளுகளுக்கு ஒரு நாளுங்களா திருவிழா?”

மலையாளப் பக்கத்தை அந்தக் கம்ப்யூட்டர் அதற்குமுன் திறந்ததே இல்லை, அதனால் சர்வரிலிருந்து புதிதாக வந்தது. தமிழ்ப் பக்கம் அதன் நினைவகத்தில் ஏற்கெனவே இருந்தது; அதையே எடுத்து நீட்டிவிட்டது. பிறகு சோதனைக்காக ஒரு ஃபைலைத் திருத்திவிட்டு இரண்டு கம்ப்யூட்டரிலும் ‘எல்எஸ்’ (ஃபைல் பட்டியல் காட்டும் கட்டளை) அடித்து, ஃபைல் மாறிய நேரத்தைப் பார்த்தேன். ஒன்றில் 11:32, மற்றதில் 11:20. பத்து நிமிடம் கழித்துத்தான் இரண்டும் ஒத்துப்போயின. ஆக்டைமியோ=600 என்றால் ஃபைல் விவரத்தை 600 நொடி நம்பு என்று அர்த்தம்; பத்து நிமிடம்தானே.

வெர்ஷன் 3 என்பது 1995இல் வந்த விதிமுறை. யாரிடம் எந்த ஃபைலின் நகல் இருக்கிறது என்று அதில் சர்வர் கணக்கே வைக்காது. பால் ஊற்றிவிட்டு நோட்டில் எழுதாத பால்காரர் மாதிரி. ஃபைல் மாறினால் சர்வர் ஆள் அனுப்பிச் சொல்லாது, கிளையன்ட், அதாவது ஃபோல்டரைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்தான் போய்க் கேட்க வேண்டும். லினக்ஸில் வழக்கமான கணக்கு: ஃபைல் விவரத்தை (அளவு, மாறிய நேரம்) கிளையன்ட் 3 முதல் 60 நொடி வரை நம்பும், ஃபோல்டர் விவரத்தை 30 முதல் 60 நொடி. ஃபைல் மாறாமலே கிடந்தால் கேட்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். இதற்கு மேல் ஒரு பாதுகாப்பும் உண்டு: மூடும்போது எழுதியதையெல்லாம் சர்வருக்குத் தள்ளிவிடும், திறக்கும்போது நேரத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேட்டுவிடும். நான் போட்ட நோக்டோ அந்தத் திறக்கும்போது கேட்பதைத்தான் நிறுத்தியிருந்தது. காவல்காரனுக்கு லீவு கொடுத்துவிட்டுத் திருட்டுப் போச்சு என்று அழுத கதை.

பயத்தில் அடுத்து ‘நோஏசி’ போட்டேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அது விவரங்களைக் கேஷ் செய்வதை (நினைவில் வைப்பதை) நிறுத்துவதோடு, எழுதும் ஒவ்வொன்றும் சர்வரில் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் நகரும். பெரிய பிடிஎஃப் சேவ் ஆவதற்குள் டீ ஆறிவிடும். அச்சகத்துக்கு அது ஆகாது. நான் போட்ட ஆப்ஷன்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி விட்டதும் தேதிப் பிரச்சினை போய்விட்டது.

ஆனால் ஒரு ஃபைல் ‘இல்லை’ என்ற பதிலையும் கிளையன்ட் நினைவில் வைத்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அச்சுத் தகடுக்கான (பிளேட்) ஃபோல்டரில் புது ஃபைல் விழுந்ததும் வரிசையில் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில், ஃபோல்டரில் மாற்றம் நடந்தால் சொல்லும் லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபை வைத்துப் பார்த்தேன். மாற்றம் நடப்பது வேறொரு கம்ப்யூட்டரில் என்பதால் அது வாயே திறக்கவில்லை. சரி என்று நொடிக்கொருமுறை ஃபைல் இருக்கிறதா என்று பார்க்க வைத்தால், தம்பி போட்டு அரை நிமிடம் ஆனபின்பும் “இல்லை, இல்லை” என்றது. ‘லுக்அப்கேஷ்=பாசிட்டிவ்’ போட்டதும் சரியானது. இருப்பதை மட்டும் நினைவில் வை, இல்லாததை ஒவ்வொரு முறையும் கேள் என்று அர்த்தம். ஆறு வருடத்தில் நான் சேர்த்ததில் உருப்படியான ஆப்ஷன் இது ஒன்றுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் வெர்ஷன் 4.2க்கு மாறினோம். இதில் சர்வர் ஒரு ஃபைலை ஒரு கிளையன்ட்டின் பொறுப்பில் விட்டு, அடிக்கடி கேட்க வேண்டாம் என்று சொல்லலாம்; அதற்கு டெலிகேஷன் என்று பெயர். வேறொருவர் எழுத வந்தால் திரும்பக் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளும். 2049 ஒரே போர்ட் என்பதால் ஃபயர்வால் வேலையும் குறைந்தது. மற்றபடி அன்றாடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திறந்து வைத்த ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து அழித்தால் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ (நீ பிடித்திருந்த ஃபைல் இப்போது இல்லை) என்ற பிழை இன்னும் வரத்தான் செய்கிறது.

இப்போது திருத்தம் வந்தால் அதே பெயரில் சேவ் செய்யக் கூடாது, பெயரின் கடைசியில் எண் கூட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கொடியேற்றம்_3, கொடியேற்றம்_4. புதுப் பெயருக்குப் பழைய நகல் எங்கிருந்து வரும்? ஃபோல்டரில் மட்டும் புது ஃபைல் சில சமயம் தாமதமாகத் தெரியும். அப்போது உள்ளே இருந்து, “அண்ணா, ஒரு எஃப்5 அடிங்க” என்று குரல் வரும்.