டயர் சென்சருக்கு 52,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எச்சரிக்கை விளக்கைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டார்கள்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுமையாக வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. நகருக்குள் டயர் மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்து, உதிரிப்பாகமும் விற்கும் ஒரு கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னுடைய கார் 2015இல் தயாரிக்கப்பட்டு, பிரித்தானியாவிலிருந்து பாவித்த வாகனமாக வந்தது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் வசதி கட்டாயம் என்பதால் இதிலும் அது இருந்தது. ஒவ்வொரு சில்லின் உள்ளேயும் வால்வோடு சேர்த்து ஒரு சிறிய சென்சர் பொருத்தப்பட்டிருக்கும். காற்று குறைந்தால் அது வானலை மூலம் காருக்கு அறிவிக்க, டாஷ்போர்டில் குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறியுடன் மஞ்சள் விளக்கு எரியும். சென்சருக்குள் இருக்கும் பற்றரியை மாற்ற முடியாது. பத்து வருடங்களுக்குள் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும். என்னுடையதும் தீர்ந்தது. காரை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடம் வரை மின்னி, பிறகு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

கடை உரிமையாளர் மிகவும் பணிவாகப் பேசினார். பெட்டியைப் பிரித்து ஒரு புதிய சென்சரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "பாருங்கோ அண்ணா, அசல் சாமான், நாலுக்கும் ஒரு வருட உத்தரவாதம்" என்றார். தீப்பெட்டி அளவில், பளபளக்கும் உலோக வால்வுடன் இருந்த அந்தப் பொருளைக் கையில் பிடித்த அந்த நிமிடமே நான் நம்பிவிட்டேன். நான்குக்கும் கூலியோடு 52,000 ரூபாய். வெயிலில் நிற்க வேண்டாம், தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது நான்கு சில்லுகளிலும் புதிய உலோக வால்வுகள் மின்னின, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் இல்லை. 52,000 ரூபாயையும் காசாக எண்ணிக் கொடுத்தேன். அவர் தந்த துண்டுச்சீட்டில் கடையின் பெயரோ முத்திரையோ இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

நான்கு நாட்களுக்கு முன், அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கண்டிக்கு அழைத்துச் செல்ல அதிகாலையில் புறப்பட்டோம். கந்தளாயைத் தாண்டியதும் காரின் பின்பக்கம் ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் இடது பின் டயர் தட்டையாகி, அதன் பக்கச் சுவர் மடிந்து கிழிந்திருந்தது; விளக்கோ கடைசிவரை எரியவே இல்லை. அம்மாவை வீதியோரம் இருத்திவிட்டு மேலதிகச் சில்லை மாற்றிக்கொண்டு, கந்தளாயில் ஒரு டயர் கடைக்குத் திரும்பினேன். டயரைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கைப்பிடியளவு கறுப்பு ரப்பர் தூள் கொட்டியது. காற்றுக் குறைந்த நிலையிலேயே வெகுதூரம் ஓடியதால் உட்சுவர் அரைபட்டுத் தூளாகிவிட்டதாக அந்தத் தம்பி சொன்னார். சென்சர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வால்வு மட்டுமே இருந்தது. மற்ற மூன்றையும் கழற்றச் சொன்னேன். ஒன்றிலும் சென்சர் இல்லை.

மறுநாள் ஒரு மின்வேலைக்காரர் மீற்றர் பலகையைத் திறந்தார். மஞ்சள் விளக்கின் இடத்தில் நகத்தளவு கறுப்பு டேப் ஒட்டப்பட்டிருந்தது. டேப்பை ஒட்டாமலாவது விட்டிருந்தால் பழுது என்ற அறிவிப்பேனும் எனக்குத் தெரிந்திருக்கும். அதையும் மறைத்து, ஒரு தாய் இருந்த காரை அந்த வீதியில் ஓட அனுப்பியிருக்கிறார்கள்.

கடைக்குத் தொலைபேசி எடுத்தபோது, கல் அடித்துச் சென்சர் உடைந்திருக்கும் என்றார்கள். டயருக்குள் இருப்பதில் எப்படிக் கல் அடிக்கும் என்று கேட்டதும் அழைப்பைத் துண்டித்தார்கள். வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். பார்த்தார்கள், பதில் இல்லை. நேரில் போனால், முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். நேற்று அவரையே பிடித்தேன். என்னை அண்ணா என்று அழைத்த அதே மனிதர், கந்தளாய்க் கடைக்காரர்தான் நான்கையும் கழற்றி எடுத்திருப்பார் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். அங்கே நான்கு டயர்களும் என் கண் முன்னே கழற்றப்பட்டன. டேப்பையும் அந்தக் கந்தளாய்த் தம்பிதான் ஒட்டினாரா என்று கேட்டேன். "வேலை இருக்கு" என்று உள்ளே போய்விட்டார். 52,000 ரூபாயில் ஒரு சதமும் திரும்பவில்லை. புதிய டயருக்கான செலவு வேறு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் உடனே சந்தேகப்படுங்கள். டயரைக் கழற்றிப் பூட்டும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய சென்சர்களைக் கேட்டு வாங்குங்கள். கடையின் பெயருள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு இன்று காலை அழைத்து முறையிட்டிருக்கிறேன். அந்த டேப் துண்டைக் கடித உறையில் போட்டு, துண்டுச்சீட்டுடன் சேர்த்து வைத்திருக்கிறேன்.