'ஒரிஜினல்' என்று விற்கப்படும் போலி பேட்டரி கிரிப்: திருமணப் படம் எடுப்பவர்கள் கவனிக்கவும்

கேனன் 70டி, 80டி, 90டி கேமராக்களில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு பிஜி-இ14 பேட்டரி கிரிப் (கேமராவின் அடியில் மாட்டும், பேட்டரிகள் அடங்கிய கைப்பிடி) தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கடைசி பீஸ், ஒரிஜினல், கம்பெனிப் பெட்டியோடு இருக்கிறது" என்று யாராவது சொன்னால் பணப்பையைத் திறக்காதீர்கள். சென்னையில் கேமரா உதிரிப் பொருட்கள் விற்கும் ஒரு கடை அப்படிச் சொல்லித்தான் எனக்குப் போலியை விற்றது. கடையின் பெயரை நான் போடவில்லை. போட்டால் அடுத்த வாரம் பலகையை மாற்றிக்கொள்வார்கள், விற்கும் விதம் மாறாது. ஆகவே அந்த விதத்தைத்தான் விவரமாகச் சொல்லப்போகிறேன்.

என் தொழில் திருமணப் படப்பிடிப்பு. அதிகாலை முகூர்த்தம் என்றால் முந்தைய நாள் வரவேற்பிலிருந்தே கேமரா கையில் இருக்கும். மணமக்கள் நின்ற கோலத்தில் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை நெட்டுவாக்கில்தான். கிரிப் இல்லாமல் கேமராவைத் திருப்பிப் பிடித்து, முழங்கையைத் தூக்கியபடி மணிக்கணக்கில் எடுத்தால் மறுநாள் தோள்பட்டை பதில் சொல்லும். கிரிப்பில் நெட்டுவாக்குக்கென்று தனி ஷட்டர் பொத்தான் உண்டு, 70-200 போன்ற கனமான லென்ஸோடு கை சமநிலையில் நிற்கும், இரண்டு பேட்டரிகள் ஒன்றாக உள்ளே போகும். 80டியில் ஒரு எல்பி-இ6என் பேட்டரிக்கு, வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக எடுத்தால், சுமார் 960 படங்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. இரண்டு பேட்டரி இருந்தால் நடுவில் மாற்றும் வேலையே பெரும்பாலும் வராது. நல்ல கிரிப் எங்கள் தொழிலில் ஆடம்பரம் இல்லை.

நல்ல கிரிப் கிடைப்பதுதான் இப்போது கடினம். நிறுவனங்களின் கவனம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கேமரா) பக்கம் போய்விட்டது. 90டி 2019இல் வந்தது. அந்த வரிசையில் அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. பழைய மாடல்களின் துணைப்பொருட்கள் அங்கீகரிக்கப்பட்ட கடைகளில் அருகிப்போன இந்த இடைவெளியில்தான் 'கடைசி பீஸ்' வியாபாரம் நடக்கிறது.

கடைக்காரர் கேட்ட விலை எட்டாயிரம் ரூபாய். அதோடு 'காம்போ' என்று இரண்டு பேட்டரிகள். பெட்டி, ஹாலோகிராம் ஸ்டிக்கர், உத்தரவாத அட்டை எல்லாம் இருந்தன. "சார், இதைப் போட்டால் கேமராவின் வேகமும் கூடும்" என்று வேறு சொன்னார். அது பொய் என்று அப்போதே தெரியும். 80டி நொடிக்கு 7 படம், கிரிப் இருந்தாலும் 7தான். நிக்கானில் சில மாடல்களுக்கு மட்டும் அந்த வசதி உண்டு. டி700 எம்பி-டி10 கிரிப்போடு, அதற்குரிய பெரிய பேட்டரியைப் போட்டால், 5இலிருந்து 8க்குப் போகும். டி850 எம்பி-டி18 கிரிப்போடு 7இலிருந்து 9க்குப் போகும், அதுவும் இஎன்-இஎல்18 வகைப் பேட்டரி போட்டால்தான். விற்பனையாளர்கள் எதையோ கேட்டு எதற்கோ சொல்வது வழக்கம் என்று அதைப் பொருட்படுத்தாமல் விட்டேன். பில் கேட்டேன். கணினி வேலை செய்யவில்லை, வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். யுபிஐயில் பணம் செலுத்தியபோது திரையில் வந்தது கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர். கேட்டதற்கு "முதலாளியின் மச்சான் கணக்கு, சார்" என்று பதில் வந்தது. பிறகு வாட்ஸ்அப்பில் வந்த 'பில்' ஒரு எஸ்டிமேட் தாள். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, 'கேமரா கிரிப் 1' என்பதைத் தவிர மாடல் பெயரும் இல்லை.

முதல் கோளாறு சத்தமில்லாமல் வந்தது. இரவில் முழு சார்ஜ் ஏற்றி, கேமராவை அணைத்து வைத்தால் காலையில் பேட்டரி பாதியாக இருக்கும். கிரிப்பைக் கழற்றிவிட்டு அதே பேட்டரியைக் கேமராவில் நேராகப் போட்டு வைத்தால் அப்படியே நிற்கும். ஆகவே தின்றது கிரிப்தான். இரண்டாவது கோளாறு ஒரு திருமணத்தில், மாலை மாற்றும் நேரத்தில் வந்தது. நெட்டுவாக்கில் திருப்பிப் பிடித்ததும் திரை அணைந்தது, கையைத் தளர்த்தினால் எரிந்தது. கார்டில் எழுதிக்கொண்டிருந்த கடைசிப் படங்கள் திறக்காமலே போயின. உடன் வந்த தம்பி இன்னொரு கேமராவில் எடுத்துக்கொண்டிருந்ததால் ஆல்பத்தில் அந்த இடம் காலியாகவில்லை. பெண்ணின் அப்பா "என்ன தம்பி, கேமரா தூங்கிவிட்டதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சிரிக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். இந்த வகைக் கிரிப்பைப் பொருத்த, கேமராவின் பேட்டரி மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, கிரிப்பிலிருந்து நீளும் தண்டை அந்தக் குழிக்குள் செருக வேண்டும். பிறகு பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் திருகினால் கேமராவின் முக்காலித் துளையில் கிரிப் இறுகும். கேமராவுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அந்தத் தண்டின் முனையில் உள்ள சில உலோகத் தொடுமுனைகள் வழியாகத்தான் போகிறது. தண்டு அரை மில்லிமீட்டர் ஆடினாலும், தொடுமுனையின் வில் தளர்ந்தாலும், நெட்டுவாக்கில் எடை மாறும்போது தொடர்பு விட்டுப்போகும். போலியில் திருகாணி மென்மையான உலோகம், சுற்றிலும் பிளாஸ்டிக். நாலு முறை கழற்றி மாட்டினாலே இடைவெளி விழுந்துவிடுகிறது. கேமராவை அணைக்காமல் விட்டால் இரவில் பேட்டரி வடிவதற்குக் காரணம் பெரும்பாலும் நெட்டுவாக்கு ஷட்டர் பொத்தானின் சுவிட்ச். பாதி அழுத்திய நிலையிலேயே அது மாட்டிக்கொண்டால் கேமரா உறங்கவே உறங்காது. என்னுடையதில் அதுவும் இருந்தது, கேமராவை அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தின்னும் மட்டமான சுற்றும் இருந்தது.

பேட்டரிகளின் கதை இன்னும் மோசம். காம்போவில் வந்தவற்றைப் போட்டுக் கேமராவை இயக்கியதும் பேட்டரியோடு தொடர்பில் பிழை என்ற செய்தி வந்தது. கடையில் சோதித்தபோது அந்தப் பேட்டரிகளைப் போடாமல், என் சொந்தப் பேட்டரிகளைத்தான் கிரிப்பில் போட்டுக் காட்டினார்கள் என்பது பின்னால்தான் உறைத்தது. எல்பி-இ6என்னின் கொள்ளளவு 1865 மில்லியாம்பியர்-மணி. பிறகு வந்த எல்பி-இ6என்ஹெச் 2130. அதே அளவுப் பெட்டிக்குள் 2650, 3000 என்று எண் போட்டு விற்பவற்றை நான் தொடமாட்டேன். எனக்குக் கொடுத்தவற்றில் 1865 என்றே சரியாக அச்சிட்டிருந்தார்கள், அந்த அளவுக்குத் தேர்ந்தவர்கள். சில வாரங்களில் ஒன்று புளித்த மாவு போல உப்பி, ட்ரேயில் மாட்டிக்கொண்டது. உப்பிய லித்தியம் பேட்டரியைக் கத்தியால் நெம்பாதீர்கள், மறுபடி சார்ஜரில் வைக்காதீர்கள். ட்ரேயோடு தனியாக எடுத்து, எரியும் பொருட்கள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கேமராவை அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளே சேதம் இல்லை என்றார்கள். இருந்திருந்தால் செலவு என்னுடையதுதான். போலித் துணைப்பொருளால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாது என்று கேனனின் கையேட்டிலேயே இருக்கிறது. கிரிப்பையும் பார்த்துவிட்டு, எழுத்து அச்சும் ட்ரேயின் வார்ப்பும் தங்களுடையவை இல்லை என்று சொன்னார்கள்.

கடைக்குத் திரும்பப் போனால் வரவேற்பு வேறு மாதிரி. "தம்பி, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், பலகையைப் பாருங்கள்." பலகையைப் பார்த்தேன். அதற்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் கொடுக்காமலிருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும். இன்னொரு நிறுவனத்தின் வணிகக் குறியைப் பொய்யாக ஒட்டி விற்பது 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இவற்றைச் சொன்னதும் "நாங்களும் வெளியிலிருந்து வாங்கி விற்பவர்கள்தானே, அண்ணே" என்று குரல் இறங்கியது. தம்பி அண்ணனாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். யுபிஐ ரசீது, எஸ்டிமேட் தாள், வாட்ஸ்அப் உரையாடல், சேவை மையத்தில் கொடுத்த தாள் ஆகிய நான்கும் கையில் இருந்தன. முறையான பில் இல்லாவிட்டால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள், பணம் போனதற்கான பதிவும் சான்றுதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அந்த அளவுக்குப் போகவில்லை. கிரிப்பின் பணம் திரும்பி வந்தது. உப்பிய பேட்டரிக்கு 'அது இலவசம்தானே' என்று கையை விரித்துவிட்டார்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையிலேயே, உங்கள் கேமராவில், அவர்கள் தரும் பேட்டரிகளோடு மாட்டிப் பாருங்கள். மெனுவில் பேட்டரி தகவல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பேட்டரிகளும் தனித்தனியாக, சதவீதத்தோடு தெரிய வேண்டும். நெட்டுவாக்கில் பிடித்து, தொடர்ச்சியாகப் படம் எடுத்துக்கொண்டே கிரிப்பை மெல்ல அசையுங்கள், திரை ஒரு முறை சிமிட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள். நெட்டுவாக்கு பொத்தானைப் பாதி அழுத்திவிட்டால் வியூஃபைண்டரில் தெரியும் எண்கள் சில நொடிகளில் அணைய வேண்டும். கிரிப்பின் சுவிட்சை அணைத்தால் அந்தப் பொத்தான்கள் செயலிழக்க வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை இருக்கின்றனவா பாருங்கள், இறக்குமதிப் பொருளுக்கு இவை கட்டாயம். ஏஏ பேட்டரி (பென்சில் பேட்டரி) போடும் ட்ரேயையும் சோதியுங்கள். சாதாரண ஆல்கலைன் சுமையில் சீக்கிரம் தொய்யும், சார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஆறு போட்டால் 7.2 வோல்ட் வரும், அது எல்பி-இ6 வகையின் அளவேதான்.

நிக்கான்காரர்களுக்கு ஒரு வரி: டி3000, டி5000 வரிசைகளுக்கு நிக்கான் கிரிப்பே தயாரித்ததில்லை. டி5600க்கு 'நிக்கான் ஒரிஜினல் கிரிப்' என்று யார் விற்றாலும் அவர் பொய் சொல்கிறார், வேறு சோதனை தேவையில்லை. சொந்தப் பெயரில் விற்கும் மாற்று நிறுவனங்களின் கிரிப்புகளை நான் குறை சொல்லவில்லை. நான் கொடுத்த விலையில் பாதிகூட ஆகாது, என்ன வாங்குகிறோம் என்பதும் தெரிந்திருக்கும்.

என்னிடமிருந்து திரும்ப வாங்கிய அந்தக் கிரிப் மீண்டும் புதுப் பெட்டியில் கண்ணாடி அலமாரிக்கு வந்திருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். கொடுக்கும் முன் பேட்டரி ட்ரேயின் அடிப்புறத்தில் அழியாத வெள்ளை மையால் ஒரு குறுக்குக் கோடு போட்டிருந்தேன். யாராவது 'சீல் பிரிக்காத புதுப் பெட்டி' என்று காட்டினால் ட்ரேயை வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள்.