உவர்மலையில் ஒரு டிசைன் வகுப்பு: யார் போகலாம், எங்கே குறை

திருகோணமலையில் ஜாவா, பைதன் என்ற கணினி மொழிகளைச் சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோட் (நிரல்) எழுத உட்காருமுன் பிரச்சினையை எப்படிப் பிரிப்பது, எந்த வேலையை எந்தக் கிளாஸிடம் (தனக்கென்று தகவலும் வேலையும் உள்ள நிரல் பகுதி) கொடுப்பது என்று பொறுமையாகச் சொல்லித்தரும் இடம் அரிது. உவர்மலைப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியில் வார இறுதிகளில் நடக்கும், நிரலை இப்படிக் கிளாஸ்களாகப் பிரித்துத் திட்டமிடும் ஒப்ஜெக்ட் ஓரியன்டட் டிசைன் வகுப்பு அப்படியான ஒன்று. வளாகத்தில் படிக்கிறவர்கள், வெளிவாரிப் பட்டம் செய்கிறவர்கள், ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள் என்று கலந்து வருகிறார்கள். நான் முழுப் பாடமும் இருந்து படித்தேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆரம்ப வகுப்புகளில் லப்டொப்பைத் திறக்கவே விடமாட்டார்கள். கையில் சின்ன அட்டைகள்தான். மேலே கிளாஸின் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது யாரிடம் உதவி கேட்கும் என்பது. கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1989இல் எழுதி வெளியிட்ட சிஆர்சி (கிளாஸ், பொறுப்பு, கூட்டாளி) அட்டை முறை இது. அட்டை சின்னதாக இருப்பதில்தான் விஷயமே இருக்கிறது, பொறுப்புகள் அதற்குள் அடங்காமல் பின்பக்கம் போகத் தொடங்கினால் அந்தக் கிளாஸின் தலையில் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டோம் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு எடுத்தது நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுச் சேவை. வங்கிக் கணக்கு, நூலகப் புத்தகம் என்று எல்லாப் பாடத்திலும் வருகிற உதாரணங்களை விட்டுவிட்டு இதை எடுத்ததற்காகவே சேருக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். படகுக் கூலி வேறு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு, அந்தச் சீட்டிலும் உள்ளூர் ஆளுக்கு ஒரு விலை, வெளிநாட்டு ஆளுக்கு ஒரு விலை. எங்கள் குழுவில் ஒருவர் உடனே ‘பயணி’ என்று ஒரு கிளாஸ் போட்டு, அதன் கீழே ‘உள்ளூர்ப் பயணி’, ‘வெளிநாட்டுப் பயணி’ என்று இரண்டு பிள்ளைக் கிளாஸ் வரைந்தார். சேர் பார்த்துவிட்டு, "தம்பி, வெளிநாட்டு ஆள் படகில ஏறினா வேற மாதிரி நடந்துகொள்ளுவாரா, காசு மட்டும்தானே மாறுது?" என்று கேட்டார். அவ்வளவுதான், தாய்க் கிளாஸில் உள்ளது பிள்ளைக் கிளாஸுக்கும் வரும் என்று காட்டும் இன்ஹெரிட்டன்ஸ் கோடு அழிந்து, விலைப்பட்டியல் தனிக் கிளாஸாக வந்து உட்கார்ந்தது. நாளைக்குச் சிறுவர் கட்டணம் என்று இன்னொன்று வந்தாலும் பயணியைத் தொடவேண்டியதில்லை.

உயிர்காப்பு அங்கியிலும் இப்படித்தான். அது படகின் பாகமா, கறுப்பு வைரக்குறி போடலாமா என்று நல்ல வாக்குவாதம் நடந்தது. படகு பழுதுபார்க்கப் போனால் அங்கியை எடுத்து அடுத்த படகில் போடுவார்கள், ஆகவே அது கறுப்பு வைரம் குறிக்கும் கொம்பொசிஷன் (முழுப்பொருளுக்கே சொந்தமான பாகம்) இல்லை, சாதாரணத் தொடர்பு போதும் என்று முடிவானது. அப்புறம் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் குழம்பிப் பயணம் ரத்தானால் காசைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு யாருக்கு, படகுக்கா, பயணத்துக்கா, முன்பதிவுக்கா என்று, யார் யாரிடம் எந்த வரிசையில் வேலை கேட்கிறார்கள் என்பதைக் காட்டும் சீக்குவன்ஸ் டயகிராம் வரைந்தோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இப்படியான டிசைன் படங்களை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறைதான் யூஎம்எல், அதில் மொத்தம் 14 வகை டயகிராம் உண்டு. இங்கே யூஸ் கேஸ் (யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள்), கிளாஸ், சீக்குவன்ஸ், ஸ்டேட் (ஒரு பொருளின் நிலை எப்படி மாறுகிறது) என்ற நான்கை மட்டும்தான் ஆழமாக எடுக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிற சிலருக்கு இதில் மனக்குறை. என்னைக் கேட்டால் இதுவே சரி, நான்கையும் ஒழுங்காக வரையத் தெரிந்தவருக்கு மற்றவை ஒரு மாலையில் பிடிபடும்.

குறைகளும் இருக்கின்றன. கையேடு பழையது. யூஎம்எல்லின் 2.5.1 பதிப்பு வெளிவந்தது 2017இல், இவர்கள் கொடுக்கும் கையேட்டின் சில பக்கங்கள் இன்னும் பழைய 1.x பதிப்புக் காலத்துக் குறியீட்டிலேயே நிற்கின்றன. பரீட்சை எழுதப்போகிறவர்கள் அதைப் புதிதோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆகவேண்டும். அதைவிடப் பெரிய குறை, டயகிராமைப் பார்த்துக் கோட் எழுத வரும் இடத்தை ஓட்டமாக ஓட்டுகிறார்கள். ஒன்றுக்குப் பல என்று வரைந்த தொடர்பு, எழுதும் நிரலில் ஒரு லிஸ்ட்டாக எப்படி வருகிறது, சீக்குவன்ஸில் போட்ட அம்புக்குறி எப்படி ஒரு மெதட் (கிளாஸ் செய்யும் ஒரு வேலை) ஆகிறது, எழுதிப் பார்த்தபின் டயகிராமைத் திருத்துவது எப்படி, இதற்கெல்லாம் ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். படம் வரைவதோடு நின்றுவிட்டால் வேலையில் அது பயன்படாது என்பது சேருக்குத் தெரியாததல்ல, நேரம்தான் போதவில்லை. பிளான்ட்யூஎம்எல் என்ற கருவியை மட்டும் நன்றாகக் காட்டினார்கள், டயகிராமை எழுத்தாகவே எழுதி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியில் நிரலோடு சேர்த்து வைக்கலாம், யார் எதை மாற்றினார்கள் என்பதும் தெரியும்.

கட்டணம் நியாயம்தான், கொழும்புக்கு ரயிலேறித் தங்கிப் படிக்கிற செலவைப் பார்த்தால் நிச்சயமாக. ஏதாவது ஒரு மொழியில் லூப், பங்ஷன் வரை எழுதத் தெரியாதவர்கள் இப்போதே சேரவேண்டாம், முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள். மூதூர், கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் காலை வகுப்பையே கேளுங்கள், மாலை வகுப்பு வாக்குவாதத்தில் நீண்டுவிடும், பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் எழும்ப வேண்டிவரும்.