எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்: மூணாவது படிக்கிற பொண்ணோட அம்மா எழுதுற ரிவ்யூ

மிக்ஸிக்கும் ஹோட்டலுக்கும் ஆயிரம் ரிவ்யூ கெடைக்குது, ஆனா தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான புள்ளைங்க தினமும் பையில தூக்கிட்டுப் போற இந்தப் பயிற்சி நூல் எப்படி இருக்குன்னு ஒரு அம்மாவோ அப்பாவோ எழுதி நான் பார்த்ததில்ல. அதான் எழுதுறேன். என் பொண்ணு எங்க ஊர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில மூணாவது படிக்கிறா, இப்ப ரெண்டாம் பருவம் போயிட்டிருக்கு. ஒண்ணாவது மட்டும் பக்கத்து டவுன்ல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல படிச்சா, அதுக்கப்புறம் இங்க மாத்திட்டோம். ரெண்டையும் பக்கத்துல இருந்து பார்த்தவங்கற முறையில சொல்றேன், இந்தப் புக்குக்கு 5க்கு 4 குடுப்பேன். அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு கீழ சொல்றேன்.

எண்ணும் எழுத்தும் திட்டத்த 2022 ஜூன்ல திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில முதலமைச்சர் ஆரம்பிச்சு வச்சாங்க. 2020 மார்ச்ல கொரோனாவுக்காக மூடின பள்ளிக்கூடம் சின்னப் புள்ளைங்களுக்கு 2021 நவம்பர்லதான் தொறந்துச்சு, அந்த ரெண்டு வருஷத்துல அஞ்சு வயசு ஆறு வயசா இருந்த புள்ளைங்க ஒண்ணாவது வகுப்போட பெஞ்சையே பார்க்காம நேரா ரெண்டாவதுல, மூணாவதுல வந்து உக்காந்தாங்க. அவங்க கையில மூணாவது பாடப்புத்தகத்த குடுத்தா என்ன பண்ணுவாங்க. அதனாலதான் 2025க்குள்ள எட்டு வயசுக்குக் கீழ உள்ள எல்லாப் புள்ளைங்களும் புரிஞ்சு படிக்கணும், அடிப்படைக் கணக்கு போடணும்னு இலக்கு வச்சு 1, 2, 3 வகுப்புகளுக்கு இதக் கொண்டுவந்தாங்க, அடுத்த வருஷமே 4, 5க்கும் நீட்டிட்டாங்க. கொரோனா புள்ளைங்க இப்ப மேல் வகுப்புக்குப் போயிட்டாங்க, ஆனா பின்தங்கின புள்ளைங்க எல்லா வருஷமும் இருக்காங்க, அதனால இதோட தேவை கொரோனாவோட முடிஞ்சு போகல.

இந்தப் புக்குல எனக்கு ரொம்பப் புடிச்சது நிலை பிரிக்கிற முறைதான். அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. அரும்பு ஒண்ணாவது அளவு, மொட்டு ரெண்டாவது, மலர் மூணாவது. மொதல்ல ஒரு மதிப்பீடு வச்சு புள்ளைக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு பார்த்துட்டு, அந்த எடத்துல இருந்து சொல்லிக்குடுக்குறாங்க. மூணாவது படிக்கிற புள்ளைக்கு எழுத்தே தடுமாறுச்சுன்னா அவனுக்கு அரும்பு வேலை, அவன் பக்கத்துல உக்காந்திருக்கிறவளுக்கு மலர் வேலை, ரெண்டு பேரும் ஒரே வகுப்புல ஒரே பாட்டப் பாடிட்டு அவங்கவங்க பக்கத்த செய்யலாம். நான் படிச்ச காலத்துல தெரியாதவன் கடைசி பெஞ்சுல உக்காந்து முழுஆண்டு வரைக்கும் வாய மட்டும் அசைச்சுட்டுப் போவான், அடுத்த வகுப்புக்கும் அதே மாதிரிதான் போவான். 2007ல ஸ்டேட் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல்ல அட்டையும் ஏணிப்படியும் வச்சு புள்ளைங்க அவங்கவங்க வேகத்துல போனாங்க, எங்க சித்தி பசங்க அதுலதான் படிச்சாங்க. அந்த நல்ல யோசனை இதுல தொடருது, கூடவே ஒவ்வொரு புள்ளை கையிலயும் எழுதிப் பார்க்க சொந்தமா ஒரு புக்கும் இருக்கு.

சரி இந்தப் பருவத்துல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். தமிழ்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா மாற்றம் பெருசாத் தெரிஞ்சது அங்கதான்.

முந்தின பிரைவேட் ஸ்கூல்ல என் பொண்ணு ஒவ்வொரு எழுத்தையும் நோட்டு நெறைய காப்பி பண்ணுவா, கையெழுத்து முத்து முத்தா இருக்கும், பாடத்த புக்க மூடி வச்சுட்டு கடகடன்னு ஒப்பிப்பா. ஆனா பஸ்ஸு போர்டுல இருக்குற ஊர் பேரக் காட்டி படிக்கச் சொன்னா என் முகத்தப் பார்ப்பா. எழுத்த எழுதத் தெரியுது, பாடத்தச் சொல்லத் தெரியுது, படிக்க மட்டும் வரல. நம்ம எழுத்து 247ன்னு சொல்றோம், உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒண்ணு. இத தனித்தனியா 247 படமா நெஞ்சுல ஏத்தணும்னு நெனைச்சா எந்தப் புள்ளைக்கும் மலைப்பாத்தான் இருக்கும். ஆனா கால், கொம்பு, கொக்கி, சுழின்னு குறிகள் என்ன செய்யுதுன்னு புரிஞ்சுட்டா மிச்சம் எல்லாம் சேர்த்துப் படிக்கிறதுதான். இந்தப் பயிற்சி நூல் அந்த வழியிலதான் போகுது, ஒரு குறிய எடுத்து அது வர்ற எழுத்துங்க, அப்புறம் அந்த எழுத்து வர்ற சொல்லு, படம் பார்த்து சொல்லு, சொல்லுல இருந்து சின்ன வாக்கியம்னு ஏறிட்டே போகும்.

கஷ்டமான எடம் எதுன்னு கேட்டீங்கன்னா ஒகரம் ஓகாரம்தான். கொம்பு முன்னாடி வருது, கால் பின்னாடி வருது, நடுவுல எழுத்து நிக்குது, மூணையும் சேர்த்து ஒரே சத்தமா சொல்லணும். என் பொண்ணு "தோட்டம்"னு எழுதச் சொன்னா கால விட்டுட்டு "தேட்டம்"னு எழுதுவா, "தொட்டி"க்கு இரட்டைக்கொம்பு போட்டு "தோட்டி" ஆக்கிடுவா. அவங்க டீச்சர் இதுக்கு ஒரு வேலை பண்ணாங்க. கொம்பு ஒரு அட்டை, எழுத்து ஒரு அட்டை, கால் ஒரு அட்டைன்னு மூணு புள்ளைங்க கையில குடுத்து வரிசையா நிக்க வச்சு, கால் வச்சிருக்கிற புள்ளைய தள்ளிப் போகச் சொல்லி இப்ப என்ன எழுத்துன்னு கேப்பாங்களாம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து தம்பியையும் எங்க அத்தையையும் நிக்க வச்சு அதையே செஞ்சு காட்டினா. இப்ப ரேஷன் கடைக்குப் போனா இருப்பு எழுதி வச்சிருக்கிற பலகைய அவதான் படிக்கிறா, புழுங்கல் அரிசி, துவரம் பருப்பு, பாமாயில்னு எழுத்துக் கூட்டி. "புழுங்கல்"ல வர்ற ழு கொஞ்சம் நேரம் எடுத்துச்சு, ஆனா படிச்சுட்டா.

ல ள ழ, ர ற, ன ண ந தடுமாற்றம் இன்னும் முழுசா போகல. பள்ளி-பல்லி, அரை-அறை, கரி-கறின்னு ஜோடி ஜோடியா வச்சு பொருளப் பார்த்து எழுதுற பயிற்சி வருது, நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் கூட குடுத்திருக்கலாம்னு தோணுது. சொல்வதை எழுதுறதுக்கு வீட்டுலயும் நாம கொஞ்சம் வாயத் தொறந்து ழகரத்த சரியா சொல்லணும், நாம "வாளப்பளம்"னு சொல்லிட்டு புள்ளைய வாழைப்பழம்னு எழுதுன்னா அது எங்க போகும்.

கணக்குல இந்தப் பருவம் பெருக்கல்தான் எங்க வீட்டுல ஓடுது. எடுத்த எடுப்புல வாய்ப்பாடு இல்ல. கட்டுக்கு 4 குச்சி, இப்படி 3 கட்டு, மொத்தம் எத்தனை, 4+4+4 எவ்வளவு, எண்கோட்டுல நாலு நாலா தாவினா எங்க வந்து நிப்ப, இதெல்லாம் முடிச்சுட்டுதான் 3×4ன்னு எழுதுறாங்க. அதனால பெருக்கல்ங்கறது திரும்பத் திரும்பக் கூட்டுறதுதான்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கு. போன பருவத்துக் கூட்டல்லயே இத கவனிச்சேன். 47ஓட 38 கூட்டணும்னா, 7ம் 8ம் 15, அதுல 10 குச்சிய ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டாக்கி பத்துங்க பக்கம் வச்சுட்டு, மிச்சம் 5, கட்டு 4ம் 3ம் புதுசா வந்த 1ம் சேர்ந்து 8, ஆக 85ன்னு எனக்கே விளக்கி சொன்னா. நான் பத்தாவது வரைக்கும் "மேல ஒண்ணு போடு"ன்னு போட்டிருக்கேன், அந்த ஒண்ணு உண்மையில பத்துன்னு எனக்கு யாரும் காட்டினதில்ல.

ஆனா என் மாமனார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அவரு கேக்குறாரு, புரிஞ்சா சரிம்மா, ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா இன்னும் கோடு போட்டு எண்ணிட்டு இருக்காளேன்னு. வாய்ப்பாடு வாயில தானா வரணும், இல்லன்னா நாலாவது அஞ்சாவதுல பெரிய பெருக்கல், வகுத்தல் வரும்போது ஒவ்வொரு படியிலயும் நின்னுடும். பயிற்சி நூல்ல புரிய வைக்கிற வேலை நல்லா இருக்கு, திரும்பத் திரும்பச் சொல்லி வேகம் ஏத்துற வேலை கம்மியா இருக்கு. எனக்கு அந்த ஒரு மார்க் முக்கால்வாசி இங்கதான் குறையுது. நாங்க ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் தாத்தாவும் பேத்தியும் வாய்ப்பாட ராகம் போட்டுச் சொல்றாங்க, உங்க வீட்டுலயும் அப்படி ஏதாவது ஒண்ணு வச்சுக்கோங்க, ஸ்கூல மட்டும் நம்பாதீங்க.

இங்கிலீஷ் பரவாயில்ல. எழுத்தோட பேர விட சத்தத்துல இருந்து ஆரம்பிக்கிறாங்க, பாட்டு, ஆக்‌ஷன், சின்னச் சின்னப் பேச்சு. பிரைவேட்ல படிக்கிற அவ வயசுப் புள்ளைங்க அளவுக்கு எழுதமாட்டா, ஆனா தெரியாத சின்ன வார்த்தைய சத்தம் சேர்த்துப் படிக்க முயற்சி பண்றா, எனக்கு இப்போதைக்கு அது போதும்.

வகுப்பறையில பாடல் களம், கதைக் களம், படித்தல் களம், பொம்மலாட்டக் களம்னு மூலைக்கு ஒண்ணா வைக்கணும்னு திட்டத்துலயே இருக்கு. விரல்ல மாட்டுற பொம்மைய வச்சு கதை சொல்ற நாள்ல என் பொண்ணு காய்ச்சலா இருந்தாக்கூட லீவு போட ஒத்துக்கமாட்டா. இங்க ஒரு உண்மைய சொல்லியே ஆகணும், இந்தப் புக்கு பாதி, டீச்சர் பாதி. புக்க கையில குடுத்து நிரப்புன்னு சொல்லிட்டு உக்காந்தா இதுவும் கடையில விக்கிற ஒர்க்‌ஷீட் மாதிரி ஆயிடும். நம்ம தொடக்கப் பள்ளிகள்ல நெறைய ஈராசிரியர் பள்ளி, அதாவது அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து ரெண்டே டீச்சர். ஒருத்தங்க 1, 2, 3 மூணு வகுப்பையும் ஒரே ரூம்ல வச்சு, அதுக்குள்ள அரும்பு மொட்டு மலர் பிரிச்சு, ஒவ்வொரு குழுவுக்கும் வேலை குடுத்து, திருத்தி, அதுக்கு மேல ஆன்லைன் மதிப்பீட்ட ஆப்ல ஏத்தணும். டீச்சருங்க சங்கங்களே இந்த ஆப் வேலையால பாடம் நடத்துற நேரம் போகுதுன்னு வெளிப்படையா சொல்லிட்டு இருக்காங்க, அது நியாயமான குரல்னுதான் நான் நெனைக்கிறேன். புள்ளைக்கு கொம்பு வரலன்னு டீச்சருக்கு பக்கத்துல உக்காந்தாலே தெரிஞ்சிடும், அத போன்ல பதியற நேரத்துல அந்தப் புள்ளைக்கு இன்னொரு தடவ சொல்லிக்குடுத்துடலாம்.

இன்னொரு குறை, மலர் நிலையில சீக்கிரம் முடிச்சுட்டு உக்காந்திருக்கிற புள்ளைங்களுக்கு மேற்கொண்டு சவாலா ஏதும் கம்மி. பின்தங்கினவங்கள தூக்கி விடத்தான் இந்தத் திட்டமே, அது சரிதான், ஆனா முன்னாடி போற புள்ளையும் நம்ம புள்ளைதானே. அவங்களுக்கு வாசிப்பு இயக்கத்துப் புக்குங்க கைகுடுக்கும். 2023ல வந்தது அது, சின்னச் சின்னக் கதைப் புக்கு, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. நுழையில ஒரு பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரி, படம் பெருசு, பற வரும்போது கதை நீளமாயிடும். என் பொண்ணு இப்ப நடயில இருக்கா, முடிச்ச புக்கோட கதைய தம்பிக்கு அவ இஷ்டத்துக்கு மாத்தி சொல்றா. உங்க ஸ்கூல்ல இந்தப் புக்கு பீரோவுக்குள்ள பூட்டி இருந்தா தயவுசெஞ்சு தொறக்கச் சொல்லிக் கேளுங்க.

வெளிய கடையில "ரெண்டாம் பருவம் ஆல் இன் ஒன்"னு கைடு விக்கிறாங்களே வாங்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. நான் ஒண்ணு வாங்கினேன், எல்லாக் கேள்விக்கும் பதில் கீழயே அச்சடிச்சிருக்கு, பொண்ணு யோசிக்காம அதப் பார்த்து எழுத ஆரம்பிச்சா, எடுத்து உள்ள வச்சுட்டேன். இந்த வயசுக்கு கைடு வேணாம். பாடப்புத்தகத்துல இருக்குற க்யூஆர் கோட போன்ல ஸ்கேன் பண்ணா பாட்டு, வீடியோ வரும், பிரைவேட்ல சமச்சீர் படிக்கிறவங்க புக்கு தொலைஞ்சா பாடநூல் கழகத்து வெப்சைட்ல பிடிஎஃப் சும்மாவே கெடைக்கும்.

டீச்சர்கிட்ட போய் மார்க் எவ்வளவுன்னு கேக்குறத விட, தமிழ்ல என் புள்ளை எந்த நிலை, கணக்குல எந்த நிலை, அடுத்த நிலைக்குப் போக எது வரல, இந்த மூணக் கேளுங்க. ரெண்டு பாடத்துலயும் ஒரே நிலையா இருக்கணும்னு இல்ல, என் பொண்ணு கணக்குல மலர், தமிழ்ல மொட்டுல இருந்து இப்பதான் ஏறுறா. அரும்புன்னு சொன்னா அவமானமா நெனைச்சு புள்ளைய வீட்டுல திட்டாதீங்க, எங்க தெருவுல ஒரு அப்பா அப்படி திட்டி அந்தப் பையன் புக்கையே ஒளிச்சு வச்சுட்டான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது வேலை இருக்குன்னு விட்டுடாம போங்க, அந்தக் குழுவுல பாதிக்கு மேல பெத்தவங்கதான், கதைப் புக்கு, டீச்சர் பத்தல, ஆப் வேலை எல்லாத்தையும் அங்கதான் எழுத்துல குடுக்க முடியும். நாலாவதுல இதே பயிற்சி நூல் எப்படி இருக்குன்னு தெரிஞ்சவங்க இருந்தா எழுதுங்க, முக்கியமா வகுத்தல எப்படி ஆரம்பிக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்.