டோகாய், கிரெக்கோவிலிருந்து மெலடி மேக்கருக்கு: ஒரு நீண்டகால அனுபவம்

ஜப்பானில் 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் செய்த எலெக்ட்ரிக் கிட்டார்களை வருடக்கணக்கில் வாசித்திருக்கிறேன். ஒரு டோகாய் ஸ்பிரிங்கி சவுண்ட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின், சுருக்கமாக ஸ்ட்ராட்டின், நகல்), ஒரு கிரெக்கோ சூப்பர் ரியல் (கிப்சன் லெஸ் பாலின் நகல்), சீரியல் எண் ஜேவி என்று தொடங்கும் ஒரு ஃபெண்டர் ஜப்பான் ஸ்ட்ராட்டோகாஸ்டர். மூன்றுமே அருமையான கிட்டார்கள். இன்றைக்கு என்னிடம் மிச்சம் இருப்பது டோகாய் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கிறது. தினமும் கையில் எடுப்பவை இரண்டு பழைய அமெரிக்கக் கிட்டார்கள்: 1962 கிப்சன் மெலடி மேக்கர், 1957 ஃபெண்டர் மியூசிக்மாஸ்டர். இரண்டும் அந்தக் காலத்தில் மாணவர்களுக்காகச் செய்த மலிவு மாடல்கள். ஏன் இப்படி ஆனது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஜப்பான் கிட்டார்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். 1970களில் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் கனமாகிக்கொண்டே போயின, நெக்கை (கழுத்துப் பகுதியை) பாடியோடு பிடிக்கும் நான்கு திருகுகள் மூன்றாயின. கிப்சன் பக்கம் லெஸ் பால் பாடியை ஒரே மரத்தில் செய்யாமல் அடுக்கடுக்காக ஒட்டினார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் ஜப்பான்காரர்கள் 1950களின் மாடல்களைக் கழற்றிப் போட்டு, அளந்து, அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். ஹமாமட்சுவில் டோகாய். மட்சுமோட்டோவில் ஃபுஜிஜென், கிரெக்கோ பெயரில். ஸ்பிரிங்கி சவுண்டின் ஹெட்ஸ்டாக்கில் (தலைப்பகுதியில்), இது நல்ல பழைய ஸ்ட்ராட்டின் அச்சு அசல் நகல் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். அதில் ஒளிவுமறைவே இல்லை. 1982இல் ஃபெண்டர் ஜப்பானியக் கூட்டாளிகளோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியதற்கு இந்த நகல்களின் தரமும் ஒரு முக்கியக் காரணம். ஜேவி சீரியல் அந்தக் கூட்டணியின் முதல் விளைச்சல்.

மாடல் பெயரிலேயே விலை இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டோகாய் எஸ்டி60 என்றால் 60,000 யென். ஃபெண்டர் ஜப்பான் எஸ்டி62-115 என்றால் 1,15,000 யென். அந்த உச்ச வரிசையில் அமெரிக்க பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) நைட்ரோசெல்லுலோஸ் என்ற நைட்ரோ பூச்சும் போட்டார்கள். அடுத்த படிகளில் பாலியெஸ்டர் பூச்சு. எந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதில் அவ்வளவு தெளிவு.

இத்தனை வருடப் பயன்பாட்டில் டோகாயின் நெக் அசையவே இல்லை என்று சொல்லலாம். குளிர்காலம் வந்தால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை) லேசாகத் தொட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கிரெக்கோவின் ஃப்ரெட் (நெக்கின் குறுக்குக் கம்பிகள்) வேலை, பைண்டிங் (ஓரப் பட்டை), நெக் பாடியோடு சேரும் இடம் எல்லாம் அதே காலத்து அமெரிக்கக் கிட்டார்களில் நான் பார்த்ததைவிடச் சுத்தம். மேடையில் மணிக்கணக்கில் வாசிக்க, பஸ்ஸில் தூக்கிப் போக, நண்பருக்கு இரவல் கொடுக்க இவற்றை நம்பலாம். பழசானதால் பாட்களிலும் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருப்பவை) செலக்டர் சுவிட்சிலும் கரகரப்பு வரும். மாற்றுவது சுலபம், செலவும் குறைவு.

அப்படியென்றால் ஆர்வம் எங்கே போனது?

ஒரு நண்பருடைய மெலடி மேக்கர் சில வாரம் என் வீட்டில் இருந்தது. மெல்லிய மஹாகனிப் பலகை, ஒல்லியான ஹெட்ஸ்டாக், ஒரே ஒரு சின்ன சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், அந்த பிக்கப்பும் வயரிங்கும் மொத்தமாக பிக்கார்டில் (முன்பக்கத் தகட்டில்) தொங்குகின்றன. கிப்சன் 1959இல் விலைப்பட்டியலின் கடைசி வரிக்காக அறிமுகப்படுத்திய கிட்டார். கிரெக்கோவோடு வைத்துப் பார்த்தால் எந்த வேலைப்பாடும் இல்லை. ஆனால் ஆம்பில் செருகி, வால்யூமைப் பாதிக்கு இறக்கி வாசித்தபோது ஒலி தெளிந்துகொண்டே போனது. அழுத்தி அடித்தால் கத்துகிறது, விரல் நுனியால் தொட்டால் அடங்குகிறது. எத்தனை பெடல் மாற்றியும் கிரெக்கோவில் எனக்குக் கிடைக்காத விஷயம் இது. கிரெக்கோவில் எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி, அழகாக, திடமாக ஒலிக்கும். பதிவு செய்ய அது வசதி. தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது எனக்குத் தேவைப்பட்டது வேறு.

இதற்கு மாய மந்திரக் காரணம் எதையும் நான் நம்பவில்லை. பிறகு எனக்கென்று வந்த மெலடி மேக்கரின் எடை மூன்று கிலோவுக்குக் கீழே, கிரெக்கோ நான்கு கிலோவுக்கு மேல். பிக்கப் எளிமையானது. நைட்ரோ பூச்சு மெல்லியது, வருடங்கள் ஆக ஆக இன்னும் மெலிகிறது, கை படும் இடத்தில் மரமே தெரிகிறது. ஆனால் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கையில் மொத்தமாக வருவதைத்தான் சொல்ல முடியும். நெக்கின் ஓரங்கள் அறுபது வருடம் விரல்கள் உருண்டு, கூழாங்கல் மாதிரி மழுங்கியிருக்கின்றன. அதைத் தொழிற்சாலையில் செய்து தருவதாகச் சொல்லும் புதிய கிட்டார்களையும் வாசித்துப் பார்த்தேன், அந்த உணர்வு கிடைக்கவில்லை.

இன்னொரு காரணம் மெதுவாகத்தான் புரிந்தது. அந்தக் கால ஜப்பான் நகல்கள் பெரும்பாலும் நட்சத்திர மாடல்களின் நகல்கள்: 57 ஸ்ட்ராட், 59 லெஸ் பால். நான் வாசிக்கும்போதெல்லாம் மனதில் அந்த மூலம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிக்கப்பை மாற்றினால் இன்னும் நெருங்குமா, கெப்பாசிட்டரை மாற்றினால் நெருங்குமா என்று எப்போதும் ஒரு கணக்கு. 1958 முதல் 1960 வரையிலான சன்பர்ஸ்ட் லெஸ் பால் இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதை நான் வாங்கப் போவதில்லை, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போவதும் இல்லை. மெலடி மேக்கருக்கு அந்தச் சுமை கிடையாது. அது எதையும் எட்டிப்பிடிக்க முயலவில்லை. கிட்டாரைத் திருத்துவதை விட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

மியூசிக்மாஸ்டர் அதைவிடச் சின்னது. சாதாரண ஸ்ட்ராட்டின் ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்) 25.5 அங்குலம், இதற்கு 22.5 தான். நெக் பக்கம் சாய்வாக ஒரே ஒரு பிக்கப், தங்க நிற அனோடைஸ் செய்த அலுமினிய பிக்கார்டு, டெசர்ட் சாண்ட் என்ற மணல் நிறம். சற்றுத் தடித்த 11 கேஜ் தந்தி போட்டாலும் தளர்வாக இருக்கும், பெண்ட் செய்ய விரல் நோகாது. கமகம் மாதிரி நீளமாக இழுத்து வாசிப்பவர்களுக்கு இந்தச் சின்ன ஸ்கேல் உண்மையிலேயே ஒரு வரம். பெரிய கைக்காரர்களுக்குப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் நெருக்கடி. நெக்கைக் கழற்றினால் அடியில் பென்சிலால் மாதமும் வருடமும் எழுதியிருக்கிறது. ஃபெண்டர் தொழிற்சாலை இருந்த ஃபுல்லர்டனில் யாரோ ஒருவர் தன் கையால் எழுதியது. அதைப் பார்த்த அன்று வெகு நேரம் நெக்கைத் திரும்பப் பூட்டவே மனம் வரவில்லை.

விலையையும் பேசித்தான் ஆக வேண்டும். ஒரு காலத்தில் ஜப்பான் கிட்டார் என்பது பணம் குறைந்தவனின் புத்திசாலித்தனம். இப்போது நல்ல நிலையில் இருக்கும் ஜேவியும் மேல் வரிசை டோகாயும் உலகம் முழுக்கத் தேடப்படுகின்றன. அந்தப் பணத்துக்குச் சற்று அடிபட்ட மெலடி மேக்கரோ மியூசிக்மாஸ்டரோ கிடைக்கிறது. என் ஜேவியை விற்ற பணத்தில்தான் மியூசிக்மாஸ்டரை வாங்கினேன், கையிலிருந்து பெரிதாக எதுவும் போடவில்லை. சேகரிப்பவர்கள் ஒதுக்குவதை வாசிப்பவர்கள் வாங்கலாம். மறுபூச்சு பூசிய கிட்டாரின் விலை ஏறக்குறைய பாதியாகிவிடுவது இந்தச் சந்தையின் வழக்கம். ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியதற்கும் அப்படித்தான். சரியாக ஒட்டிய ஹெட்ஸ்டாக் ஆயுளுக்கும் தாங்கும். என் மெலடி மேக்கர் மறுபூச்சு கண்டதுதான், சிவப்பு போய் கறுப்பாகியிருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

தொல்லைகளும் உண்டு. மெலடி மேக்கரின் பிரிட்ஜ் ஒரு நேர்க் கம்பி. அந்தக் காலத்தில் மூன்றாம் தந்தி மெல்லிய கம்பி சுற்றிய தந்தியாக வரும், அதற்கு ஏற்ற அமைப்பு அது. இன்றைய சுற்றாத மூன்றாம் தந்தியைப் போட்டால் மேல் ஃப்ரெட்களில் சுருதி ஏறிவிடும். படிகள் செதுக்கிய மாற்று பிரிட்ஜ் போட்டேன், சரியாகிவிட்டது. பழைய பிரிட்ஜைத் தூக்கிப் போடக் கூடாது, பெட்டியிலேயே இருக்கட்டும். சிங்கிள் காயில் என்பதால் ட்யூப்லைட் பக்கம் திரும்பினால் இரைச்சல். நைட்ரோ பூச்சு ரப்பர் ஸ்டாண்டோடு சேராது, உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி சுற்றித்தான் நிறுத்துவேன். கூரியரில் குளிர்காலத்தில் வந்தால் பெட்டியை உடனே திறக்காமல் பல மணி நேரம் அறையில் விட வேண்டும், இல்லையென்றால் பூச்சு கோடு கோடாக வெடிக்கும்.

பயணம்தான் பெரிய சிக்கல். அந்தக் காலக் கிப்சன் ஃபிங்கர்போர்டுகள் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டு எல்லை தாண்டக் கூடாது. 2019இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்குக் கொடுத்த விலக்கு மற்ற ரோஸ்வுட்களுக்குத்தான், இதற்கு இல்லை. பிரேசில் மரம் அரிதானபோது கிட்டார்காரர்கள் திரும்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரத்தின் பக்கம். மார்ட்டின் கம்பெனி 1969இல் மாறியது. அதற்குப் பின் வந்த எத்தனையோ அமெரிக்க அகூஸ்டிக் கிட்டார்களின் முதுகு நம் ஊர்த் தோதகத்திதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்: சென்னைக்கு வரும்போது என்னோடு வருவது டோகாய். அந்தக் கடற்கரைப் புழுக்கத்தைப் பாலியெஸ்டர் பூச்சு எந்த முணுமுணுப்பும் இல்லாமல் தாங்குகிறது. அதை விற்காமல் வைத்திருப்பதற்கு இதுவே போதும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: சீரியல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 1960களில் கிப்சன் ஒரே எண்ணைப் பல கிட்டார்களுக்குப் போட்டிருக்கிறது. பாட்டின் முதுகில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 137-6214 என்றால் 137 பாட்டைச் செய்த சிடிஎஸ் கம்பெனி, 62 வருடம், 14 வாரம். கிட்டார் அதற்குப் பிறகுதான் செய்யப்பட்டிருக்கும். சால்டர் (ஈயப் பற்று) கலைக்கப்பட்டிருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். பிக்கார்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட மரத்தைக் குடைந்த மெலடி மேக்கர்கள் ஏராளம். சிகாகோவின் ஹார்மனி கிட்டார்கள் இன்னும் மலிவு, ஒலியும் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் நெக் கோணம் போயிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவு கிட்டார் விலையைத் தொட்டுவிடும்.

முழு நேர மேடைக்காரர் கேட்டால் இன்றும் டோகாயைத்தான் சொல்வேன். வீட்டில் வாசிப்பவர், சின்ன ஆம்ப் வைத்திருப்பவர், ஒரே பிக்கப்பில் வாழத் தயாரானவர் என்றால் மெலடி மேக்கர்.

நான் இப்போது தேடுவது ஒரு எபிஃபோன் கொரோனெட். எபிஃபோனை 1957இல் கிப்சனின் தாய் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதன் பிறகு 1960களின் கொரோனெட்கள் கலாமஸூவில், லெஸ் பால் ஜூனியர் செய்த அதே தொழிற்சாலையில், அதே பி-90 பிக்கப்போடு செய்யப்பட்டவை. ஹெட்ஸ்டாக்கில் கிப்சன் பெயர் இல்லாததால் ஜூனியரைவிட விலை குறைவு. 1970இல் எபிஃபோன் தயாரிப்பு ஜப்பானுக்குப் போய்விட்டது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தையது, பூச்சு உரிந்திருந்தாலும் பரவாயில்லை, நெக் நேராக இருந்தால் போதும்.