ஜாம் ஆன சீட் போஸ்ட்டுக்கு சைக்கிள் கடை வேண்டாங்க, லேத்து பட்டறைக்கு போங்க (கணபதி, கோயமுத்தூர்)

மொதல்லயே சொல்லீர்றனுங்க, இது சைக்கிள் கடை ரிவ்யூ இல்ல, இறுகிப் போன சீட் போஸ்ட்ட (சீட்ட தாங்கி ஃப்ரேமுக்குள்ள எறங்கற பைப்பு) எடுத்துக் குடுத்த பட்டறையோட ரிவ்யூ. கணபதில டெக்ஸ்டூல் பக்கம் சந்துக்குள்ள போனா ஜாப் ஒர்க் பட்டறைங்க இருக்குமில்லீங்களா, பம்ப் ஷாஃப்ட் கடையறது, இரும்புல ஓட்டைய அளவுக்கு கடைஞ்சு பெருசாக்கறதுன்னு, அதுல ஒண்ணு. ஓனர் அண்ணன் பேரு போட வேண்டாம்னுட்டாரு, "அப்பறம் ஊர்ல இருக்கற ஓட்ட சைக்கிளெல்லாம் இங்க வந்து நிக்கும் கண்ணு"ன்னு. அதனால பேரில்லாத ரிவ்யூதான். ஆனா இதே மாதிரி ஆளு ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் பக்கமும் இருப்பாங்க, எப்படிப்பட்டவர தேடணும்னு தெரிஞ்சா போதும்.

வண்டி தொண்ணூறுகள்ல வந்த ஸ்டீல் எம்டிபி (மலை சைக்கிள்), குரோமோலிங்கற உறுதியான ஸ்டீல் ஃப்ரேம், பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டத்து சாளைல சும்மா சாஞ்சு கெடந்தத வாங்கியாந்தேன். ஃப்ரேம் நெம்ப நல்லா இருக்கு, ஆனா சீட் போஸ்ட் அலுமினியம், இம்மி அசையல. ரெண்டு சைக்கிள் கடைல காட்டினேன், ஒருத்தர் நேரா சுத்தியலயும் பைப் ரிஞ்சயும் எடுத்தாரு, இன்னொருத்தர் புது வண்டி வாங்கிக்கோங்கன்னாரு. ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு.

இதுல நெறைய பேரு துருன்னு நெனச்சுக்கறாங்க. துரு மட்டும்னா எண்ணெய் ஊத்தினாலே பாதி வேலை முடிஞ்சுரும். ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டிக்கிட்டு இருக்கற எடத்துல வேர்வை உப்பும் மழைத்தண்ணியும் எறங்குச்சுன்னா அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும், அரிச்சு வர்ற வெள்ளை ஆக்சைடு பழைய அலுமினியத்த விட அதிக எடம் புடிக்கும், உள்ள போக எடமில்லாம ஆப்பு அடிச்சாப்ல இறுகிக்கும். தட்டத் தட்ட இன்னும் மோசம்.

அண்ணன் வண்டிய பாத்ததும் கேட்ட மொதக் கேள்வியே எனக்கு புடிச்சுருச்சு. "ஃப்ரேமு, பெயிண்டு, போஸ்ட்டு, இதுல எது போனா பரவால்ல?" இத எந்த சைக்கிள் கடைலயும் கேக்கல. போஸ்ட் போகட்டுங்ணா, பெயிண்ட் முடிஞ்சவரைக்கும் இருக்கட்டும்னேன், அப்ப கேஸ் டார்ச் வேண்டாம்னுட்டாரு. அலுமினியம் ஸ்டீல விட கிட்டத்தட்ட ரெண்டு பங்கு விரியும், அதனால சூடு பண்ணினா அந்த நேரத்துக்கு இன்னும் இறுகத்தான் செய்யும், ஆறி சுருங்கறப்பதான் பிடிப்பு விடும், அதுக்கு போஸ்ட்டுக்குள்ள ஐஸ் போட்டே சுருக்கிக்கலாம்னாரு. பாட்டம் பிராக்கெட்ட (பெடல் அச்சு சுத்தற பேரிங் செட்டு) நான் வீட்லயே கழட்டிட்டு போயிருந்தேன், ஃப்ரேம தலைகீழா நிறுத்தி அந்த வழியா பெனட்ரேட்டிங் ஆயில் (இடுக்குல எறங்கற எண்ணெய்) ஊத்தி ராத்திரி பூராவும் அப்படியே வுட்டுட்டாரு.

மறுநா போஸ்ட் தலைய பெஞ்ச் வைஸ்ல கடிக்க வெச்சு ஃப்ரேமயே நெம்புகோலாக்கி திருகினாங்க. கொஞ்சம் முனகுச்சு, அவ்ளோதான். இங்கதான் ஆளோட தரம் தெரியுது, "இதுக்கு மேல போனா சீட் டியூப் முறுக்கிக்கும்"னு (போஸ்ட் எறங்கற ஃப்ரேம் பைப்பு) நிறுத்திட்டாரு. காஸ்டிக் சோடா ஊத்திப் பாக்கலாமுங்ளான்னு கேட்டேன். அது அலுமினியத்த கரைக்கும், ஸ்டீல தொடாது, அது நெசம், ஆனா ஹைட்ரஜன் கிளம்பும், கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும், இங்க வெல்டிங் பொறி பறக்கற எடம்னு ஒரே பேச்சுல முடிச்சுட்டாரு. உங்க ஃப்ரேமே அலுமினியம்னா சோடாவ நெனச்சும் பாக்காதீங்க, ஃப்ரேமயே தின்னுரும்.

கடைசில அறுக்கறதுதான். போஸ்ட்ட கொஞ்சம் மேல விட்டு வெட்டிட்டு, லேத்துல ஒரு ராடு கடைஞ்சு நுனில காடி போட்டு ஆக்சா பிளேடு சொருகற மாதிரி ஒரு புடி பண்ணிக்கிட்டாரு (லேத்து பட்டறைக்கு வந்ததுக்கு அர்த்தம் அங்கதான் வந்துச்சு), அத உள்ள விட்டு நீளவாக்குல ரெண்டு கோடு கையால அறுத்தாரு. அவசரமே இல்ல. சத்தம் மாறுச்சுன்னா, பொடி கருத்துச்சுன்னா பிளேடு ஸ்டீல தொட்டுருச்சுன்னு அர்த்தம், அங்க நிறுத்தணும். நடுவுல இருந்த பட்டைய பிளையர்ல உருவினதும் மிச்சம் உள்பக்கமா மடங்கி வந்துருச்சு. அப்பறம் பிரேக் சிலிண்டருக்கு போடற ஹோன (உள்பக்கம் தேய்க்கற கருவி) விட்டு உள்ள சுத்தம் பண்ணிக் குடுத்தாரு.

சீட் டியூப் உள் விட்டத்த அளந்து பாத்தா 26.8 மி.மீ. கடைல ஈசியா கெடைக்கற போஸ்ட் 27.2. கனமான சாதா அலுமினிய போஸ்ட் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், 0.4 கடைஞ்சு நிறுத்தினாரு, வழுக்கிட்டு எறங்குது. கார்பன் போஸ்ட்டயும் மெல்லிசு போஸ்ட்டயும் இப்படி கடையக் கூடாது. அழிஞ்சு போன மினிமம் கோட்ட (போஸ்ட் கொறஞ்சது எவ்ளோ உள்ள இருக்கணும்னு காட்டற கோடு) அதே அளவுல மறுபடி கீறியும் வெச்சாரு, நான் கேக்கவே இல்ல.

கொறைன்னா, நேரம். "வெடியால வாங்க"ன்னு சொல்லுவாரு, ஆனா எவனாவது பம்ப் ஷாஃப்டோட ஓடி வந்துட்டா நம்ம வண்டி மூலைக்கு போயிரும். போன் எடுக்க மாட்டாரு. பில் கெடையாது. ஃப்ரேம தரைல சாச்சு வெச்சதுல கீழ பைப்புல கீறல் விழுந்துருச்சு, அதனால பழைய டியூப்பு சுத்திட்டு கொண்டு போங்க. மொத்தம் 1100 ரூபா வாங்கினாரு, எடுக்க 800, கடைசலுக்கு 300, அந்த உழைப்புக்கு கம்மிதான்.

கடைஞ்ச போஸ்ட்டுல அனோடைசிங் (அலுமினியத்து மேல இருக்கற காப்புப் பூச்சு) போயிருச்சில்லீங்களா, கிரீஸ் இல்லாம போட்டா மறுபடி இதே கதைதான். ஆன்டி சீஸ் (இறுகாம இருக்க தடவற பசை) கெடைச்சா நல்லது, இல்லாட்டி பேரிங் கிரீஸ் தடவி, மழை சீசனுக்கு முன்னயும் பின்னயும் ஒருக்கா உருவி தொடைச்சு திரும்ப தடவிக்கோங்க. சனிக்கிழமை பொழுது சாயற நேரத்துல மட்டும் போயிராதீங்க, வாரக்கூலி குடுக்கற நேரம், உங்கள யாரும் கண்டுக்க மாட்டாங்க.